சோதனைச் சாவடியும் ஒரு கதாசிரியரும்

பிழைப்பை நாடி, மொழி தெரியாத ஊருக்கு வந்து குடியேறிய நமக்குக் காகிதத்தின் அருமையும் தெரியும். அதன் கொடுமையும் தெரியும். ரேஷன் அட்டைக்கும், எரிவாயு இணைப்புக்கும், குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கும் நாம் நின்ற வரிசைகள் கொஞ்சமல்ல. ஜன்னலுக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் தலை நிமிராமலே, "இருப்பிடச் சான்று எங்கே? நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், அவருக்கும் மேலதிகாரி உண்டு என்ற நினைவு அந்த நேரத்தில் நமக்கு வருவதில்லை.

அந்த ஜன்னலுக்கு அப்புறத்தில் நம்மையே கொண்டுபோய் உட்கார வைத்த ஒரு கதாசிரியரைப் பற்றி இந்த மாதம் எழுத எண்ணினோம். அவர் நாவலாசிரியர் அல்லர், நாடகாசிரியரும் அல்லர். விடியோ விளையாட்டுகளை எழுதி, வரைந்து, இசையமைத்து, தாமே உருவாக்கி விற்பவர். பெயர் லூக்காஸ் போப். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து, ஜப்பானில் குடியேறியவர்.

இதனை எழுதத் தூண்டியது நம் சங்க உறுப்பினர் ஒருவரின் கேள்வியே. மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அவர் மெல்லக் கேட்டார்: "பையன் நல்ல கம்பெனியில் இருக்கிறான். அதை விட்டுவிட்டுச் சொந்தமாக விளையாட்டு எழுதப் போகிறேன் என்கிறான். விளையாட்டை விளையாடுவார்கள், எழுதுவதாவது! இது ஒரு தொழிலா?" ஊரில் நிலத்தை விற்றுப் படிக்க வைத்த தந்தையின் கேள்வி அது. சிரித்து ஒதுக்குவதற்கில்லை. அன்று நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்தால் விடை கிடைக்கலாம் என்று கருதியே போப்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம்.

நீண்ட பயிற்சிக் காலம்

ஒரே விளையாட்டினால் உலகப் புகழ் பெற்றவர் என்றுதான் போப்பைப் பலரும் அறிவர். அந்தப் புகழ் வந்த ஆண்டு 2013. ஆனால் அவர் தொழிலைத் தொடங்கியது அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே என்பதை நாம் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

1996ஆம் ஆண்டில் 'குவேக்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதன் உள்ளமைப்பை மாற்றிப் புது விளையாட்டாக்கும் வசதியை அது இளைஞர்களுக்கு அளித்தது. நண்பர்கள் சிலருடன் சேர்ந்து போப் அவ்வாறு செய்த 'மாலிஸ்' 1997இல் வெளியாயிற்று. அந்த நண்பர்கள் 'ராட்லூப்' என்ற சிறு நிறுவனத்தை அமைத்தனர். மோட்டார் பழுது பார்க்கும் பட்டறையைக் களமாகக் கொண்டு 'கியர்ஹெட் கராஜ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். வீரனும் இல்லை, வாளும் இல்லை. பழுதான வண்டியைச் செப்பனிடுவதே விளையாட்டு! ஒரு மனிதரின் அன்றாட வேலையே விளையாட்டாகலாம் என்ற எண்ணத்தின் விதையை இங்கேயே காண்கிறோம்.

பின்னர் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் உத்தியோகம் தேடிக்கொண்டார். 2007இல் 'நாட்டி டாக்' என்ற புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து, 'அன்சார்ட்டட்' வரிசையின் முதலிரண்டு விளையாட்டுகளில் பணியாற்றினார். அங்கே அவர் பார்த்தது பட்டியல் திரைகள், பொத்தான்கள், பிற கலைஞர்களுக்கு வேண்டிய கருவி நிரல்கள் ஆகியவற்றின் வேலை. பார்ப்பவர் கண்ணில் படாத வேலை; பெயர் கிடைக்காத வேலை. அதையே அவர் கருத்தூன்றிக் கற்றார்.

மாலை வேளைகளில் தம் மனைவி கெய்கோவுடன் சேர்ந்து 'மைட்டியர்' என்ற சிறு விளையாட்டை உருவாக்கினார். புதிரைக் காகிதத்தில் அச்சிட்டுப் பேனாவால் விடை வரைந்து கணிப்பொறியின் காமிராவுக்குக் காட்ட வேண்டும். காகிதத்தின் மீது அவருக்கிருந்த மோகம் அன்றே தொடங்கிவிட்டது போலும்!

2010இல் அவர் உத்தியோகத்தைத் துறந்தார். கெய்கோவின் நாடான ஜப்பானுக்கே குடும்பம் பெயர்ந்தது. பெரிய நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து ஒரே விளையாட்டைச் செய்வதில் ஒருவரின் புதுமைக்கு இடம் குறைவு என்பது அவர் கருத்து. கம்பெனியின் சம்பளமும் இல்லை. பதிப்பாளரின் முன்பணமும் இல்லை. இவ்வாறு தொழில் செய்வோரை ஆங்கிலத்தில் 'இண்டி' என்பர். நாம் 'தனித்தொழிலர்' எனலாம்.

ஒரு பத்திரிகை ஆசிரியரின் கதை

'லுடம் டேர்' என்று ஒரு போட்டி உண்டு. 2002இல் தொடங்கியது. ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். 48 மணி நேரத்தில் ஒருவர் தனியாக ஒரு விளையாட்டை முடித்துக் காட்ட வேண்டும். 2012 ஏப்ரலில் போப் இதில் கலந்துகொண்டு 'ரிபப்ளியா டைம்ஸ்' என்பதைச் செய்தார்.

அதில் விளையாடுபவர் ஓர் அரசாங்கப் பத்திரிகையின் ஆசிரியர். வந்து குவியும் செய்திகளில் எதைப் பெரிதாகப் போடுவது, எதைச் சிறிதாகப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதே வேலை. மக்களின் அரச பக்தி குறையக் கூடாது. ஆசிரியரின் மனைவியும் குழந்தையும் அரசாங்கத்தின் பிடியில் இருக்கிறார்கள்! இரண்டு நாளில் எழுதிய சிறு கதைதான். ஆனால் அதிகாரத்துக்கு அஞ்சி ஒரு நல்ல மனிதன் படிப்படியாக எப்படி வளைந்து போகிறான் என்பதை அது சொல்லவில்லை. விளையாடுபவனையே வளைய வைத்துக் காட்டியது. போப்பின் கலை முழுவதும் இந்த ஒரு வித்தையில் அடங்கியிருக்கிறது.

சாவடி

தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும், தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியிலும் போப் பல விமான நிலையங்களைக் கடந்திருக்கிறார். குடியேற்ற அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டுவதையும், முகத்தை உற்று நோக்குவதையும், முத்திரை குத்துவதையும் கவனித்துக்கொண்டே வந்தார். நாம் அந்த இடத்தில் அச்சத்தோடு நிற்போம். அவரோ அங்கே ஒரு கதையைக் கண்டார். 2012 நவம்பரில் வேலையைத் தொடங்கினார். சில வாரங்களில் முடிக்க நினைத்தது ஒன்பது மாதமாக நீண்டது. 2013 ஆகஸ்டு 8இல் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வெளிவந்தது. "காகிதங்களைக் காட்டுங்கள்" என்பது இத்தலைப்பின் பொருள்.

காலம் 1982. அர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாடு. அண்டை நாட்டோடு ஆறாண்டுப் போர் முடிந்து எல்லை திறக்கப்படுகிறது. குலுக்கலில் பெயர் விழுந்த ஒரு சாதாரணக் குடிமகனுக்குச் சாவடி அதிகாரி உத்தியோகம் கிடைக்கிறது. அந்தக் குடிமகன் நாமே. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா என்று நால்வர். சாவடியில் ஒருவரைச் சரியாகச் சோதித்து அனுப்பினால் 5 காசு கூலி. மாலை 6 மணிக்குச் சாவடி மூடிய பின் வாடகை, உணவு, குளிர் காயும் எரிபொருள், மருந்து இவற்றுக்கு அந்தக் கூலியைப் பங்கிட வேண்டும். பல நாளும் எதையாவது ஒன்றை விடவேண்டியிருக்கும். விட்டால் மகனுக்குச் சளி பிடிக்கும். மருந்து வாங்காவிட்டால் நோய் முற்றும்.

சோதனை முதல் நாளில் எளிது. பிறகு நாளுக்கு நாள் புதுச் சட்டம் வருகிறது. அனுமதிச் சீட்டு வேண்டும். வேலைச் சீட்டு வேண்டும். தடுப்பூசிச் சான்று வேண்டும். பெயரில் எழுத்து மாறியிருக்கிறதா, முத்திரை உண்மையானதா, காலாவதியாகிவிட்டதா என்று பார்க்கப் பார்க்க வரிசை நகர்வதில்லை, கூலி குறைகிறது. அவசரப்பட்டால் தவறு நேர்கிறது. நமக்கு எதிரே நின்று சலித்துக்கொண்ட எழுத்தர்கள் அத்தனை பேரும் அப்போது நம் நினைவுக்கு வருகிறார்கள்.

விதியே வசனம்

இந்த விளையாட்டில் ஒரு காட்சி. ஒருவர் வருகிறார், காகிதங்கள் சரியாக இருக்கின்றன. உள்ளே போகும்போது, "அடுத்து என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள்" என்கிறார். மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவ்வளவுதான் வசனம். மூன்று நான்கு வாக்கியத்துக்கு மேல் இல்லை. உருக்கமான இசையும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது நம் கையில். அவளை உள்ளே விட்டால் இயந்திரம் ஒரு குற்றச் சீட்டை அச்சடித்து நீட்டும். ஒரு நாளில் முதலிரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும். மூன்றாவது தவறிலிருந்து கூலியில் அபராதம். ஆகவே ஒரு நாளுக்கு இரண்டு கருணைகள்தாம் செலவின்றிக் கிடைக்கும்! காலையில் கவனக்குறைவால் அவ்விரண்டையும் இழந்துவிட்டவன், மாலையில் இந்தப் பெண்ணுக்குக் காட்டும் கருணைக்குத் தன் மகனின் மருந்துக் காசைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டும்.

நாவலாசிரியர் இந்த நெருக்கடியைப் பத்துப் பக்கம் வருணிப்பார். போப் அதனை ஒரு விதியாக எழுதினார். 'இரண்டு தவறுக்கு மன்னிப்பு, மூன்றாவதற்கு அபராதம்' என்ற விதியே இங்கு வசனம். அதுவே பாத்திரப் படைப்பு. விளையாட்டை எழுதுவதாவது என்று கேட்ட நம் நண்பருக்கு விடை இதுதான். சொற்களை மட்டுமன்றி, வாழ்க்கையின் நிர்ப்பந்தங்களையே அளந்து எழுதுவது இந்தக் கலை. முப்பத்தொரு நாட்களில் விளையாடுபவன் எடுக்கும் முடிவுகளுக்கேற்ப இக்கதைக்கு இருபது முடிவுகள் உள்ளன.

சிரிப்புக்கும் இடம் உண்டு. கிழவர் ஒருவர் கையால் தாமே வரைந்த கடவுச்சீட்டோடு, இல்லாத ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். திருப்பி அனுப்பினால் கோபிக்காமல், மறுமுறை வருவதாகச் சொல்லிப் போவார், வரவும் செய்வார். அவரைப் பார்த்து மனம் இளகாதவர் இல்லை.

2014இல் இந்த விளையாட்டு 'பாஃப்டா' எனப்படும் பிரிட்டிஷ் திரைப்படத் தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் பரிசையும், தனித்தொழிலர் விழாவின் தலைமைப் பரிசான ஷேமஸ் மெக்நல்லி பரிசையும் பெற்றது. 2023இல் அதன் பத்தாம் ஆண்டு நிறைவின்போது, விற்ற படிகள் 50 லட்சம் என்று போப் அறிவித்தார்.

அறுபது பேரின் விதி

வெற்றி கண்டவர் அதே சரக்கை மறுபடியும் விற்பது உலக வழக்கம். போப் அவ்வாறு செய்யவில்லை. 2014இல் முற்றிலும் வேறான ஒன்றைத் தொடங்கினார். கறுப்பு, வெள்ளை என்னும் இரு நிறப் புள்ளிகளால் மட்டுமே அமைந்த காட்சிகள்; அவர் சிறுவயதில் கண்ட பழைய மாக்கிண்டாஷ் கணிப்பொறியின் திரையைப் போல. ஆயினும் கண் முன்னே முழுக் கப்பல் ஒன்று நிற்க வேண்டும். அதனுள் நாம் நடக்க வேண்டும். நடக்கும்போது அந்தப் புள்ளிகள் ஈக்கூட்டம் போல் கலைந்து கண்ணை உறுத்தின. அவற்றை நிலைநிறுத்தவே பெரும் உழைப்பு வேண்டியிருந்தது. குறை நீங்கிய பின், அங்கே ஒரு குறை இருந்ததே பார்ப்பவருக்குத் தெரியாது. சிற்பி கல்லின் பின்புறத்தையும் இழைத்து வைப்பதைப் போன்ற வேலை அது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2018 அக்டோபர் 18இல் 'ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' வெளியாயிற்று.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓப்ரா டின் என்பது 1802இல் லண்டனிலிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்ட ஒரு கற்பனை வணிகக் கப்பல். காணாமற்போன அக்கப்பல் 1807இல் ஆளில்லாமல் ஃபால்மத் துறைமுகத்தில் வந்து ஒதுங்குகிறது. ஏறிப் பார்த்துக் கணக்கெழுத வேண்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்புறுதி அதிகாரி. அந்த அதிகாரி நாமே. கப்பலில் இருந்தவர் அறுபது பேர். ஒவ்வொருவரும் யார், எப்படி இறந்தார், யார் கொன்றார் என்று கண்டறிந்து ஏட்டில் எழுத வேண்டும். ஒரு மாயக் கடிகாரம் ஒவ்வொருவரும் இறந்த கணத்தை மட்டும் அசையாத காட்சியாகக் காட்டும்.

அறுபது பேரில் ஆங்கிலேயர் மட்டுமல்லர். சீன மாலுமிகளும் உளர், நம் இந்திய மாலுமிகளும் உளர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்திய மாலுமிகளை 'லாஸ்கர்' என்று அழைத்தனர். வரலாற்று நூல்களில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். இங்கோ, அவர்களுள் ஒருவரின் பெயரைக் காணாமல் ஏட்டை நிறைவு செய்ய முடியாது. உடையையும், பேச்சையும், தூங்கும் தொட்டிலின் எண்ணையும், யாரோடு யார் சேர்ந்து நிற்கிறார்கள் என்பதையும் கூர்ந்து பார்த்துத்தான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். மூவரின் விதியைச் சரியாக எழுதினால்தான் ஏடு அவற்றை உறுதி செய்யும். ஆதலால் குருட்டடிக்கு இடம் குறைவு. இறுதியில் நாம் எழுதிய கணக்கை வைத்தே இறந்தவரின் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடோ அபராதமோ தீர்மானமாகிறது. கடல் கடந்து போனவனின் பெயரைத் தவறாக எழுதினால் கரையில் இருக்கும் குடும்பம் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2019இல் இதற்கும் அதே ஷேமஸ் மெக்நல்லி பரிசு கிடைத்தது. 2024 மார்ச்சில் போப் 'மார்ஸ் ஆஃப்டர் மிட்நைட்' என்ற அடுத்த விளையாட்டை வெளியிட்டார். பக்கத்தில் சிறு கைப்பிடியைச் சுற்றி ஆடும் 'ப்ளேடேட்' என்ற கையடக்கக் கருவிக்காக எழுதப்பட்டது அது. அதிலும் கதவைத் தட்டி வருவோரைப் பார்த்து உள்ளே விடுவதே வேலை. ஆனால் வருவோர் செவ்வாய் மண்டலத்தார். உள்ளே அவர்களுக்கு ஆறுதலும் சிற்றுண்டியும் காத்திருக்கின்றன! எல்லைச் சாவடியில் தொடங்கியவர் விருந்தோம்பலில் வந்து நின்றார்.

தந்தையின் கேள்விக்கு

இனி நம் உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். இது ஒரு தொழிலா? தொழிலே, ஆனால் சம்பளத் தொழில் அன்று, பயிர்த் தொழில் போன்றது. ஆண்டுக்கணக்கில் உழுது விதைக்க வேண்டும். மழை நம் கையில் இல்லை. போப் போன்ற வெற்றி மிகச் சிலருக்கே வாய்த்தது. கடை விரிப்பது எளிதாகிவிட்டதால் போட்டியும் பெருகிவிட்டது. 'ஸ்டீம்' என்ற பெரிய விற்பனைத் தளத்தில் 2017 முதல் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தி யாரும் தம் படைப்பை வைக்கலாம். விற்பனையில் நூற்றுக்கு முப்பது தளத்துக்குப் போகும். வாசல் அகலம், கூட்டமும் அகலம்.

ஆகவே மகனிடம், "ஏன் இந்தப் பைத்தியம்?" என்று கேட்பதைவிடச் சில கேள்விகளைக் கேட்கலாம். இதுவரை எத்தனை சிறு விளையாட்டுகளைத் தொடங்கி முடித்திருக்கிறாய்? 48 மணி நேரத்தில் ஒன்றை முடித்துக் காட்ட முடியுமா? ஓராண்டுச் செலவுக்குச் சேமிப்பு உண்டா? எழுதப் போவது எதைப் பற்றி? இவற்றுக்கு விடை இருந்தால் பையன் விளையாடவில்லை, தொழில் கற்கிறான் என்று கொள்ளலாம். விடை இல்லாவிட்டால், போப்பைப் போல் முதலில் சம்பளத்தில் இருந்துகொண்டே மாலை வேளைகளில் ஒன்றை முடிக்கச் சொல்லலாம். அவரும் வேலையை விட்டது முதல் விளையாட்டு வெளியாகிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதானே!

நாம் மேலே இருமுறை குறிப்பிட்ட பரிசின் பெயரிலும் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ஷேமஸ் மெக்நல்லி கானடா நாட்டு இளைஞர். தாய், தந்தை, சகோதரன் ஆகியோருடன் சேர்ந்து வீட்டுத் தொழிலாகவே விளையாட்டுகளை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டில் தலைமைப் பரிசைப் பெற்ற சில நாட்களிலேயே புற்றுநோயால் 21ஆம் வயதில் மறைந்தார். அதன் பிறகே பரிசுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மகனின் ஆசைக்குத் தோள் கொடுத்த பெற்றோரின் நினைவும் அந்தப் பெயரில் வாழ்கிறது என்றே நாம் கொள்கிறோம்.

அந்தப் பரிசு 2024இல் யாருக்குப் போயிற்று தெரியுமா? 'வெண்பா' என்ற விளையாட்டுக்கு. டொரண்டோ நகரின் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு, அபி என்ற தமிழ் இளைஞரின் தலைமையில் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988இல் கானடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியும், தமிழை விட்டு மெல்ல விலகிப்போகும் மகன் கவினும் இதன் பாத்திரங்கள். அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் மை கலைந்து எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அழிந்த வரியை ஊகித்து இட்லி வார்ப்பதே முதல் புதிர். எல்லையில் காத்து நின்றவரின் கதைக்கு 2014இல் கிடைத்த பரிசு, எல்லையைக் கடந்து வந்த வீட்டின் அடுக்களைக் கதைக்குப் பத்தாண்டில் கிடைத்தது.

போப்புக்குக் கடவுச்சீட்டு வரிசை கதையாயிற்று. அபிக்கு அம்மாவின் சமையல். நம் பிள்ளைகளிடம் அத்தகைய சரக்கு ஏராளமாக இருக்கிறது. வகுப்பில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதை வைத்து என்ன செய்யலாம் என்பது அவர்களுக்கே தெரியும்.

பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றே. ஒரு ஞாயிறு மாலை மகன் அல்லது மகளின் அருகில் அமர்ந்து, 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டை ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். முத்திரையை நீங்களே குத்துங்கள். அந்த மனைவி வரும்போது என்ன செய்தீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் நமக்கும் சொல்லுங்கள். கேள்வி கேட்ட அன்பரும் அன்று தவறாமல் வருவார் என்று நம்புகிறோம்.